தலையெழுத்தும் தலைக்கட்டியும்

(நெய்யூரில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



நம் மேடைகளில் சாதாரணமாகப் பேசப்படுகிற விஷயங்கள் எவை என்பது உங்களுக்குத் தெரியும். அவற்றையெல்லாம் இன்று ஒருபுறம் வைத்துவிட்டு, வைத்தியம் சம்பந்தமான ஒரு காரியத்தைப்பற்றிப் பேச வந்திருக்கின்றேன். நான் வைத்தியனல்ல. ஆனால் ஒரு குற்றம் என்னிடத்தில் இருக்கிறது. அந்தக் குற்றம்தான் என்னை இந்த மேடையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

எனக்கு உறவுமுறையில் தம்பி ஒருவன் இருந்தான். கொத்து வேலை செய்கிறவன். 40 வயதுகூட ஆகவில்லை. ஒரு நாள் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தவனுக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டு வலிப்பு வந்துவிட்டது. கூடியிருந்தவர்கள் கையில் இரும்பைக் கொடுத்தார்கள். வீட்டார் மந்திரவாதியை அழைத்து, கையில் சரடு கட்டி, கோழி அறுத்தார்கள். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு வாய் குழறத் தொடங்கியதும் தூரத்தில் ஒரு பட்டணத்திற்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனில் மூளைக்குள் கட்டி தெரிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகவே நடந்தது. பத்தாம் நாள் எழுந்து நடந்தான்; பேச்சும் திரும்பியது. டாக்டர், “ரணம் ஆறியதும் வாருங்கள், ஆறு வாரம் கரண்டு வைக்க வேண்டும்” என்று சொல்லி அனுப்பினார்.

ஊருக்கு வந்தவுடன் என்ன நடந்தது? “கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இனி கரண்டு எதற்கு?” என்றார் ஒருவர். “கரண்டு வைத்தால் மூளை வெந்துபோகும்” என்றார் இன்னொருவர். “எழுதினபடிதான் நடக்கும்” என்றார் மூன்றாமவர். அவன் மனைவி என்னிடம் வந்து, “அண்ணாச்சி, நீங்கள் நாலு புஸ்தகம் படித்தவர்களாயிற்றே, என்ன செய்யச் சொல்லுகிறீர்கள்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லி, தெரிந்தவரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும். அதுவும் செய்யாமல், “யோசித்துச் செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பேசாமலிருந்தேன். நாலு மாதத்தில் கட்டி திரும்பி வளர்ந்துவிட்டது. பிறகு ஒன்றும் செய்வதற்கில்லாமல் போயிற்று.

தோழர்களே! கரண்டு வைத்திருந்தால் அவன் இன்றைக்கும் உயிரோடு இருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது நானும் ஒரு மந்திரவாதியாவதாகும். ஆனால், அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய காலத்தை நாம் அறியாமையினால் பறித்துவிட்டோம் என்பதை மட்டும் சொல்லாமலிருக்க முடியாது. அன்று பேசாமலிருந்ததற்காக இன்று பேசுகிறேன்.

இதை இந்த நெய்யூரில் பேசுவதற்குக் காரணமும் இருக்கிறது. 1838-ம் வருஷத்தில் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே என்பவர் லண்டன் மிஷன் சார்பாக இவ்வூரில் வைத்திய வேலையைத் தொடங்கினார். அக்காலம் எப்படிப்பட்டது? இந்தத் திருவிதாங்கூர் சீமையில் பெரும்பகுதிப் பெண்கள் மார்பை மறைக்க உரிமையில்லாமலிருந்த காலம். 1859-ல்தான் நாடார் பெண்களுக்குக்கூட மேலாடை அணிய ராஜாங்க உத்தரவு கிடைத்தது. தொட்டால் தீட்டு, பார்த்தால் தீட்டு என்றிருந்த ஜனங்களின் நாடியைத் தொட்டுப் பார்த்த இடம் இந்த ஊர். பின்னால் 1860-களில் டாக்டர் ஜான் லோ இங்குள்ள பிள்ளைகளுக்கே வைத்தியம் கற்றுக்கொடுத்தார். எவரெஸ்டு சிகரத்தில் 1922-லும் 1924-லும் ஏறப் போன டாக்டர் சாமர்வெல், இங்கு வந்து கத்தி பிடித்தார். 1933-ல் இவ்வூர் ஆஸ்பத்திரியில் வேலை செய்த டாக்டர் ஐ. எம். ஆர் என்பவர், திருவிதாங்கூர் ஜனங்களுக்கு வரும் வாய்ப்புற்றுக்கும் வெற்றிலைபாக்குப் புகையிலைக்கும் உள்ள சம்பந்தத்தையும், அதற்குச் செய்யும் சிகிச்சையையும் ‘லான்செட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். அந்தக் காலத்திலேயே இங்கே ரேடியம் கொண்டு வாய்ப்புற்றுக்கு வைத்தியம் நடந்தது. இன்றைக்கும் இவ்வூரில் மிஷன் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து சர்வதேசப் புற்றுநோய் மையம் இருந்துவருகிறது.

அவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள்தானே என்று சிலர் கேட்கலாம். ஆம், வந்தார்கள். அந்த மதத்தைப்பற்றி நாம் பேச வேண்டிய இடத்தில் பேசிக்கொள்ளலாம். ஆனால், ரேடியம் புண்ணை ஆற்றியது ஜெபத்தினாலல்ல. கிறிஸ்தவன் வாயிலும், இந்து வாயிலும், முஸ்லிம் வாயிலும், ஒன்றையும் நம்பாதவன் வாயிலும் அது ஒரே மாதிரியாகத்தான் வேலை செய்தது. இயற்கையின் சக்திக்கு ஜாதியும் இல்லை, மதமும் இல்லை.

கதிர் என்றவுடன் நீங்கள் பயப்படுகிறீர்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்திலிருக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைப் பாருங்கள். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இப்பக்கத்திலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதிலுள்ள தோரியம் ஓயாமல் கதிர் வீசுகிற பொருள். ஆகவே கதிர் என்பது வானத்திலிருந்து வந்த பூதமல்ல. நம் காலடி மணலிலே இருக்கிற சங்கதி. அது நெருப்பைப் போன்றது. அடுப்பில் இருந்தால் சோறு ஆகும்; கூரையில் இருந்தால் வீடு போகும். எவ்வளவு, எந்த இடத்தில், யார் கையில் என்பதுதான் கேள்வி.

இனி விஷயத்திற்கு வருகிறேன். கட்டியை எடுத்த பிறகு கரண்டு எதற்கு?

உங்களில் பலர் வயலில் இறங்கினவர்கள். கோரையைப் பிடுங்கியிருப்பீர்கள். மேலே உள்ள புல் கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள்ளே இருக்கும். வயல் சுத்தமாய்விட்டதென்று வரப்பில் உட்கார்ந்தால், அடுத்த மாதம் கோரை திரும்பி நிற்கும். மூளைக்குள்ளேயே தோன்றுகிற கிளியோமா என்னும் கட்டி இந்த இனத்தைச் சேர்ந்தது. அதன் அணுக்கள் கண்ணுக்குத் தெரியாமல் நல்ல மூளைக்குள் வேர்விட்டிருக்கும். மற்ற இடமாக இருந்தால் சுற்றிலும் இரண்டு விரற்கடை சேர்த்து வெட்டிவிடலாம். மூளையில் அப்படி வெட்டினால், ஓரிடத்தில் பேச்சுப் போகும். ஓரிடத்தில் கை போகும். ஓரிடத்தில் பார்வை போகும். ஆதலால் கத்தி எங்கே நிற்க வேண்டியிருக்கிறதோ, அங்கே கதிர் தொடங்க வேண்டியிருக்கிறது. டாக்டர் “முழுதும் எடுத்துவிட்டோம்” என்று சொல்லுவது கண்ணுக்குத் தெரிந்ததைப்பற்றித்தான்.

கதிர் என்ன செய்கிறது? அணுவுக்குள் இருக்கும் பரம்பரைச் சரட்டை அறுக்கிறது. நல்ல அணுவும் அடிபடும். ஆனால் அது அடுத்த வேளைக்குள் பெரும்பாலும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கட்டி அணுவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அதனால்தான் ஒரே நாளில் கொடுக்காமல், தினம் கொஞ்சமாக, வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் கொடுக்கிறார்கள். டாக்டருக்குப் பணம் பண்ணுவதற்காக ஆறு வாரம் இழுக்கிறார்கள் என்று நினைப்பது தவறு. அந்தத் தவணைதான் நோயாளியின் மூளையைக் காப்பாற்றுகிறது.

எல்லாத் தலைக்கட்டிக்கும் ஒரே வைத்தியமா என்றால், இல்லை. இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். எடுத்த கட்டியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அது என்ன ஜாதி, எந்தத் தரம் என்று ரிப்போர்ட் கொடுப்பார்கள். மனிதனுக்கு ஜாதி பார்ப்பது மடமை. கட்டிக்கு ஜாதி பார்க்காமலிருப்பதுதான் மடமை. தரம் 1 முதல் 4 வரை உண்டு. எண் ஏற ஏறக் கொடுமையும் ஏறும்.

முதலாவது, கிளியோபிளாஸ்டோமா என்னும் நாலாம் தரக் கட்டி. இதற்கு ரணம் ஆறியதும், பெரும்பாலும் 3 முதல் 6 வாரத்திற்குள் கரண்டு ஆரம்பிக்க வேண்டும். வழக்கமான அளவு 60 கிரே. அதை 30 பங்காக்கி ஆறு வாரத்தில் கொடுப்பது. கூடவே டெமோசோலோமைட் என்ற மாத்திரை. வயது முதிர்ந்தவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் 40 கிரேயை 15 பங்காக மூன்று வாரத்தில் முடித்துவிடலாம். முதியவர்களிடத்தில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2004-ல் வெளியான சோதனையில், உயிரோடு இருந்த காலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே, “கிழவருக்கு ஆறு வாரம் அலைய முடியாது” என்பவர்கள், “மூன்று வார முறை உண்டா?” என்று கேட்க வேண்டுமேயல்லாமல், வைத்தியமே வேண்டாமென்று திரும்பி வரக்கூடாது.

இரண்டாவது, இரண்டாம் தரக் கிளியோமா. இது மெதுவாக வளர்வது. அளவு 50 முதல் 54 கிரே வரை. இதில் உடனே கரண்டு வைப்பதா, காத்திருந்து வைப்பதா என்பது ஒரு பிரச்சினை. ஐரோப்பாவில் நடந்து 2005-ல் முழு முடிவு வெளியான சோதனையில், உடனே வைத்தவர்களுக்குக் கட்டி மீண்டும் வளர அதிக காலம் பிடித்தது. ஆனால் மொத்த ஆயுளில் வித்தியாசமில்லை. எனவே வயது குறைந்து, கட்டி முழுதும் எடுக்கப்பட்டவர்களை ஸ்கேன் செய்து கவனித்துக்கொண்டு காத்திருப்பதும் ஒரு வைத்தியமே. மற்றவர்களுக்குக் கரண்டோடு மருந்தும் சேர்ப்பது. 2016-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில், கரண்டு மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் இருந்த காலம் 7.8 வருஷம்; மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப்பேர் இருந்த காலம் 13.3 வருஷம்.

மூன்றாவது, மெனிஞ்சியோமா. இது மூளையின் உறையில் தோன்றுவது. முதல் தரமாயிருந்து முழுதும் எடுக்கப்பட்டால், பெரும்பாலும் கரண்டு வேண்டியதில்லை. கவனித்து வந்தால் போதும். மூன்றாம் தரமாயிருந்தால் அவசியம் வேண்டும். இரண்டாம் தரமாயிருந்தாலோ, முதல் தரத்தில் மிச்சம் விடப்பட்டிருந்தாலோ யோசித்து முடிவு செய்வார்கள்.

நாலாவது, வேறிடத்திலிருந்து, அதாவது நுரையீரலிலிருந்தோ மார்பிலிருந்தோ பரவி வந்த கட்டி. முன்பெல்லாம் எடுத்த பின் மூளை முழுவதற்கும் கதிர் கொடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் கட்டி இருந்த பள்ளத்திற்கு மட்டும் குறிபார்த்து ஒன்று முதல் ஐந்து தடவைக்குள் கொடுத்துவிடுகிறார்கள். 2017-ல் வெளியான சோதனையில், இரண்டு முறையிலும் ஆயுள் ஒன்றாகவே இருந்தது; ஆனால் குறிபார்த்துக் கொடுத்தவர்களின் ஞாபகசக்தி நன்றாகக் காப்பாற்றப்பட்டது. குறிபார்த்து அடிக்கும் இந்த யோசனையை 1951-ல் வெளியிட்டவர் சுவீடன் தேசத்து டாக்டர் லார்ஸ் லெக்செல். அவர் உண்டாக்கியதுதான் காமா நைஃப். பெயரில் கத்தி உண்டே தவிர, அறுப்பு இல்லை.

ஐந்தாவது, குழந்தைகள். சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் சேர்த்துக் கதிர் கொடுப்பார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் மூளை வளருகிற பருவமானதால், கூடியவரை மருந்து கொடுத்துக் கரண்டைத் தள்ளிப்போடுவார்கள். புரோட்டான் என்னும் முறையில் கதிர் குறித்த ஆழத்தில் நின்றுவிடுவதால், வளரும் பிள்ளைகளுக்கு அது அதிகப் பிரயோஜனம். சென்னையில் 2019 முதல் அந்த எந்திரம் இருக்கிறது. ஆனால், எல்லாப் பெரியவர்களின் கட்டிக்கும் அதுதான் உயர்ந்தது என்பது நிரூபிக்கப்பட்டதல்ல. விலை அதிகமானதெல்லாம் குணம் அதிகமானது என்று நினைப்பது, பெரிய கோவிலில் பெரிய சாமி என்று நினைப்பதைப் போன்றதுதான்.

இனி உங்கள் பயங்களுக்கு வருகிறேன்.

“கரண்டு வைத்தால் ஷாக் அடிக்குமா?” அடிக்காது. பெயர்தான் கரண்டே தவிர, மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. முகத்திற்கு அளவாக ஒரு வலைமூடி செய்து, தலை அசையாதபடி மாட்டி, மேசையில் படுக்கவைப்பார்கள். எந்திரம் சுற்றிவரும். சில நிமிஷத்தில் முடிந்துவிடும். எக்ஸ்ரே எடுப்பதுபோல வலி தெரியாது.

“மூளை வெந்துவிடுமா?” பல பேர் சுற்றி நின்று பல டார்ச்சு விளக்குகளை ஒரே இடத்தில் அடித்தால் அந்த இடம் மட்டும் பளீரென்று தெரியும், ஒவ்வொரு விளக்கின் வழியிலும் கொஞ்ச வெளிச்சமே இருக்கும். அதுபோலப் பல திசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கதிரை விட்டு, கட்டி இருந்த இடத்தில் மட்டும் சேரும்படி கணக்குப்போட்டுச் செய்கிறார்கள்.

“கரண்டு வைத்தவனிடம் குழந்தையை விடலாமா?” தாராளமாக விடலாம். வெளியிலிருந்து எந்திரத்தால் கதிர் கொடுக்கப்பட்டவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை. விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குமா? அவருடைய தட்டைத் தனியே வைப்பதும், படுக்கையைத் திண்ணையில் போடுவதும் வைத்தியமல்ல. பழைய தீண்டாமையின் புதிய வேஷம்.

கெடுதலே இல்லையா என்றால், உண்டு. மறைக்கக்கூடாது. கதிர் பட்ட இடத்தில் முடி உதிரும். களைப்பு வரும். மூளை வீங்கித் தலைவலி, வாந்தி வரலாம்; அதற்கு டெக்ஸாமெதசோன் கொடுப்பார்கள்; அதை நம் இஷ்டத்திற்குத் திடீரென்று நிறுத்தக்கூடாது. வலிப்பு மாத்திரையையும் அப்படியே. வருஷங்கள் கழித்துச் சிலருக்கு ஞாபகம் மங்கலாம். அபூர்வமாகக் கதிர் பட்ட மூளைப் பகுதி நசிந்துபோகலாம். முடிந்த சில மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் கட்டி வளர்ந்ததுபோலத் தோன்றி, பிறகு தானே அடங்குவதும் உண்டு. அதைக் கண்டு “எல்லாம் போயிற்று” என்று ஓடிவிடக்கூடாது.

லாபம் என்ன என்று கேட்பீர்கள். கணக்கையே சொல்லுகிறேன். இந்தக் கொடிய கிளியோமாக்களை எடுத்த பிறகு கரண்டு வைக்காமல் விட்டவர்களில் பாதிப்பேர் 14 வாரத்துக்குள் இறந்தார்கள் என்றும், கரண்டு வைத்தவர்களில் பாதிப்பேர் 35 வாரம் வரை இருந்தார்கள் என்றும் 1978-ல் வெளியான அமெரிக்கச் சோதனை காட்டியது. 2005-ல் வெளியான சோதனையில், நாலாம் தரக் கட்டிக்குக் கரண்டு மட்டும் பெற்றவர்களில் இரண்டு வருஷம் தாண்டியவர்கள் 100-க்கு சுமார் 10 பேர். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 26 பேர். ஐந்து வருஷம் தாண்டியவர்கள் முறையே 2 பேரும் 10 பேரும். இது சொற்பமென்று தோன்றலாம். ஆனால் மகள் பத்தாவது பாசாவதைப் பார்க்க நினைக்கும் தகப்பனிடத்தில், வீட்டுக் கடனை முடித்துவிட்டுப் போக நினைக்கும் தாயினிடத்தில் போய்ச் சொல்லிப்பாருங்கள், ஒரு வருஷம் சொற்பமென்று! மெதுவாக வளரும் கட்டிகளிலோ, லாபம் வருஷக் கணக்கிலேயே இருக்கிறது.

மூளை ஆபரேஷனுக்காக நம் தேசத்தில் முதன்முதல் ஒரு தனி இலாகா ஏற்பட்டது 1949-ல் வேலூரில், டாக்டர் ஜேக்கப் சாண்டியின் முயற்சியால். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதுவரை “புற்று வந்தால் போக வேண்டியதுதான்” என்றிருந்தார்கள். “தாசி என்று எழுதியிருக்கிறது” என்றதை மறுத்த அதே அறிவுதான், “சாவு என்று எழுதியிருக்கிறது” என்பதையும் மறுத்தது. மூளை டாக்டர்கள் இத்தனை ஆயிரம் மண்டையோடுகளைத் திறந்திருக்கிறார்களே, ஒருவராவது உள்ளே பிரமன் எழுதிய எழுத்தைக் கண்டதாகச் சொன்னதுண்டா? கண்டதெல்லாம் கட்டிதான். எழுத்தாயிருந்தால் அழிக்க முடியாதென்று சும்மா இருக்கலாம். கட்டியாயிருப்பதால் சும்மா இருக்கக்கூடாது.

செலவைப்பற்றி ஒரு வார்த்தை. நம் ராஜ்யத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கான கதிர் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. அட்டை இருந்தும் கேட்கத் தெரியாமல் நகையை விற்பவர்களைப் பார்க்கிறேன். ஆபரேஷனுக்கு முன்பே, “இதற்குப்பின் கரண்டு வேண்டியிருக்குமா? எந்த ஆஸ்பத்திரியில்? திட்டத்தில் சேருமா?” என்று கேட்டுவையுங்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆண்பிள்ளைக்கு வந்தால் தென்னந்தோப்பை விற்கிறோம், அதே கட்டி மனைவிக்கு வந்தால் “ஆறு வாரம் யார் சமைப்பது?” என்கிறோம். கட்டி ஆண், பெண் பார்ப்பதில்லை. நாம் பார்க்கிறோம். இது நமக்கு வெட்கக்கேடு.

ஆகவே தோழர்களே, நான் சொன்னதையும் நம்பிவிடாதீர்கள். ஆபரேஷன் ஆனவர் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: கட்டி என்ன இனம், எந்தத் தரம்? மிச்சம் இருக்கிறதா? கரண்டு வேண்டுமா, காத்திருக்கலாமா? எத்தனை வாரம்? மருந்தும் சேருமா? வைத்தால் என்ன லாபம், என்ன கெடுதல்; வைக்காவிட்டால் என்ன? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல, கேட்பதுதான் சுயமரியாதை. பதிலைக் கேட்டபின், வைப்பதோ வேண்டாமென்பதோ நோயாளியின் அறிவுக்குட்பட்ட முடிவாக இருக்கட்டும். அடுத்த வீட்டுக்காரன் பேச்சினால் ஏற்பட்ட முடிவாக இருக்க வேண்டாம்.

என்னிடம் வந்து கேட்ட அந்தப் பெண் இன்று இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். அவளுக்கு அன்று நான் கொடுத்திருக்க வேண்டிய பதிலை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அவளுக்குப் பிரயோஜனமில்லை. உங்களில் ஒருவருக்காவது பிரயோஜனப்படுமானால் போதும்.